2002-ல வந்த மாரோவிண்டை இப்பதான் முதல் தடவையா ஆரம்பிச்சேன், ஒரு நண்டு கூட சாக மாட்டேங்குது. தப்பு என் மேலயா கேம் மேலயா?

பழையசோறு:

வணக்கம் மக்களே. முதல்லயே சொல்லிடுறேன், சின்ன வயசு ஞாபகம் பேச வரல. நான் சின்ன வயசுல கண்ணால கூட பார்க்காத ஒரு கேமைப் பத்தி தான் கேள்வி.

எனக்கு வயசு 36, ரெண்டு பிள்ளைங்க. நைட்டு பத்தரைக்கு மேல தான் கம்ப்யூட்டர் என் கைக்கு வரும், பதினொன்னே முக்காலுக்கு கண்ணு சொக்கிடும். அந்த ஒரு மணி நேரத்துக்கு புது கேம் எடுத்தா கட்டுப்படியாகல, 100 ஜிபி இறங்கவே மூணு நாள் ஆகுது, இறங்கி முடிச்சு உக்காந்தா அப்டேட்டுன்னு திரும்ப ஒரு 30 ஜிபி கேக்குது, அதையும் குடுத்து ஓட விட்டா லேப்டாப் ஃபேன் போடுற சத்தத்துல பெரியவ எந்திரிச்சு வந்து “அப்பா வெளிய மழையா”ன்னு கேக்குறா. அதனால ஒரு வருஷமா சேல்ல மலிவா வர்ற பழைய கேமா பார்த்து வாங்கிட்டு இருக்கேன். ஸ்கைரிம் முடிச்சாச்சு, ரொம்ப பிடிச்சுது. அதை விட அதே வரிசைல அதுக்கு முன்னாடி வந்த மாரோவிண்ட் தான் பெஸ்ட்டுன்னு எங்க போனாலும் நாலு பேர் சொல்றாங்களேன்னு அதையும் வாங்கிட்டேன். 2002-ல வந்த கேம், அப்ப நான் எட்டாவது.

சேய்டா நீன்னு ஒரு ஊர்ல கப்பல்ல இருந்து கைதியா இறக்கி விடுறாங்க. பேரு, இனம், ராசி எல்லாம் கேட்டு எழுதிக்கிறாங்க, அப்படியே தாலுகா ஆபீஸ். அப்புறம் கையில ஒரு பார்சலை குடுத்து பால்மோராங்கிற ஊர்ல கையஸ் கோசேடிஸ்னு ஒருத்தர் இருக்கார், அவர்கிட்ட சேர்த்துடுன்னு சொல்லி வெளிய அனுப்பிட்டாங்க. அவ்ளோ தான். அம்புக்குறி இல்ல, மேப்புல புள்ளி இல்ல, ஒண்ணும் இல்ல. மேஜை மேல ஒரு கத்தி கிடந்துச்சு, எடுத்துக்கிட்டேன்.

வெளிய வந்து சும்மா கரையோரமா ஓடினேன், ஒரு நண்டு வந்துச்சு. குத்துறேன் குத்துறேன், கத்தி நண்டு உடம்புக்குள்ள போய்ட்டு போய்ட்டு வருது, விஷ்க் விஷ்க்னு காத்து சத்தம் மட்டும் கேக்குது, அதுக்கு ஒண்ணுமே ஆகல. என் கண்ணு முன்னாடி பட்டுச்சு சாமி, ஆனா கேம் படலன்னு சொல்லுது. கடைசில நண்டு என்னை கொன்னுடுச்சு. மிளகு போட்டு வறுக்க வேண்டிய ஜீவன்.

இப்படி ரெண்டு நைட்டு போச்சு. இப்ப என் சந்தேகம் என்னன்னா, எனக்கு பொறுமை இல்லாம போச்சா, இல்ல இந்த கேம் அப்பவே இப்படித்தான் மொக்கையா இருந்து அந்த வயசுல விளையாடினவங்க பாசத்துல தூக்கி வச்சு பேசுறாங்களா? உங்கள்ல யாராச்சும் 15, 20 வருஷம் கழிச்சு முதல் தடவையா ஒரு கேமை எடுத்து விளையாடி இருக்கீங்களா? எது ஒட்டுச்சு, எதை தூக்கி போட்டீங்க? மூணாவது நைட்டு நான் இதுக்கு செலவு பண்ணலாமா வேணாமா, அதை மட்டும் சொல்லுங்க.

---

டைஸ்ராஜா:

கத்தி எடுத்தீங்களே, கேரக்டர் உருவாக்கும்போது ஷார்ட் பிளேடு ஸ்கில் எடுத்தீங்களா? எடுத்திருக்க மாட்டீங்க. வாள் இல்லன்னா கோடாலி எடுத்திருப்பீங்க, ஏன்னா ஸ்கைரிம்ல அதான் கெத்து.

மாரோவிண்ட்ல நீங்க பார்க்கிற கத்தி வெறும் படம், அடி பட்டுச்சா இல்லையான்னு முடிவு பண்றது உள்ள உருளுற தாயக்கட்டை. கணக்கு இது தான்: ஆயுத ஸ்கில், அதோட அஜிலிட்டில (சுறுசுறுப்பு) அஞ்சுல ஒரு பங்கு, லக்குல பத்துல ஒரு பங்கு, மூணையும் கூட்டி ஸ்டாமினாவால (மூச்சு பலம்) பெருக்கும். கீழ பச்சையா ஒரு கோடு இருக்கே அது ஃபுல்லா இருந்தா 1.25, சுத்தமா காலின்னா 0.75. நீங்க எடுக்காத ஸ்கில் 5-ல கிடக்கும், அஜிலிட்டி 40, லக் 40-னு வச்சா 5 + 8 + 4 = 17. நீங்க தான் ஓடி வந்தேன்னு சொல்றீங்க, ஓடினா பச்சை கோடு கரையும், அப்ப 17-ஐ 0.75 ஆல பெருக்குங்க, நூத்துக்கு பதிமூணு கூட முழுசா வராது. அதுலயும் நண்டு விலகுற வாய்ப்பை வேற கழிச்சுக்கும். அதே ஆளு 40 ஸ்கில் இருக்கிற ஆயுதத்தை எடுத்துக்கிட்டு, நண்டு முன்னாடி நின்னு மூச்சு வாங்கிட்டு அடிச்சா 52 இன்ட்டு 1.25, அறுபத்தஞ்சு. வித்தியாசம் புரியுதா? நண்டு மேல தப்பே இல்ல.

இதெல்லாம் கேமுக்குள்ள யாரும் சொல்ல மாட்டாங்க, ஏன்னா ஸ்கில், ஸ்டாமினா விஷயமெல்லாம் பெட்டில வந்த மேனுவல்ல இருந்துச்சு. பெட்டிக்குள்ள கதை நடக்குற வார்டன்ஃபெல் தீவோட பேப்பர் மேப்பும் மடிச்சு வச்சிருப்பாங்க, அதை விரிச்சு மடியில வச்சுக்கிட்டு விளையாடுறது தான் கணக்கு. அந்தக் காலத்து கேம்ல பாதி சிடில இருக்கும் மீதி பாதி பேப்பர்ல இருக்கும், இப்ப நாம டவுன்லோடு பண்றது சிடில இருந்த பாதியை மட்டும் தான். பிடிஎஃப்பா கூட எங்கயாச்சும் கிடக்கும், யாரு திறக்குறா.

பால்மோராவுக்கு நடக்கணும்னு கட்டாயம் இல்ல. ஊருக்கு வெளிய கால் நீளமா தென்னை மர உசரத்துக்கு ஒரு பூச்சி நிக்கும் பாருங்க, அதான் அந்த ஊர் பஸ். பக்கத்துல நிக்கிற அம்மாகிட்ட காசு குடுத்து ஏறுங்க. பால்மோராவுல சவுத் வால்னு ஒரு கடை இருக்கும், அங்க போய் கையஸ் வீடு எதுன்னு கேளுங்க. வாயால வழி கேட்டு போற கேம் இது, மினி பஸ்ஸு வராத ஊருக்கு பொண்ணு பார்க்க போற மாதிரி வச்சுக்கங்க.

மூணாவது நைட்டு போடுங்க. ஆனா புது கேரக்டர்.

---

கடுப்புமாமா:

ஆரம்பிச்சுட்டாங்கய்யா. பேப்பர்ல இருந்துச்சாம். ஒரு நண்டை அடிக்க கால்குலேட்டர் வேணும்னா அது கேமோட கோளாறு தான், இதை பெருமையா வேற சொல்றீங்க.

நானும் மாரோவிண்டை 2015 வாக்குல முதல் தடவையா எடுத்தவன் தான், 20 மணி நேரம் உழைச்சேன், உழைச்சேன்னு தான் சொல்லணும் விளையாடினேன்னு சொல்ல முடியாது. நடை பாருங்க, மூட்டு வலி வந்த ஆளு மாதிரி நடக்குறான். சரி ஓடுன்னா ஸ்டாமினா போயிடும் அப்புறம் அடி படாது. அந்த ஜர்னல் இருக்கே, யார் என்ன சொன்னாலும் தேதி வாரியா எழுதிக்கிட்டே போகும், எந்த வேலைக்கு எந்த குறிப்புன்னு தேடுறது பழைய மளிகைக் கடை கடன் நோட்டுல நம்ம பேரை தேடுற மாதிரி. இது நான் மட்டும் சொல்ற குறை இல்ல, அதே வருஷம் ட்ரிபியூனல்னு எக்ஸ்பான்ஷன் (கூடுதல் பகுதி) விட்டப்ப வேலை வாரியா பிரிச்சு பார்க்குற வசதியை அவங்களே சேர்த்தாங்க. செஞ்சவனே ஒத்துக்கிட்டான், நீங்க ஏன் முட்டு குடுக்குறீங்க?

பழையசோறு தம்பி, பழைய கேம் தான் வேணும்னா 1998-ல வந்த ஹாஃப் லைஃப் எடுங்க. எனக்கு அப்ப கம்ப்யூட்டரே கிடையாது, 2023 நவம்பர்ல அதோட 25 வருஷத்துக்கு அப்டேட் விட்டு கொஞ்ச நாள் சும்மா குடுத்தாங்க, அப்ப தான் முதல் தடவையா விளையாடினேன். மேனுவல் தேவையில்ல, மேப் தேவையில்ல, தாயக்கட்டை கிடையாது. ஆரம்பத்துல ஒரு ட்ராம்ல ஏத்தி கதை நடக்குற லேப் முழுக்க சுத்திக் காட்டுறான், நாம சும்மா உக்காந்து ஜன்னல் வழியா பார்த்துட்டே போறோம், ஒரு வார்த்தை யாரும் விளக்கல, ஆனா இறங்கும்போது இது எவ்ளோ பெரிய இடம், நாம இங்க யாருன்னு தெரிஞ்சு போச்சு. ஒரு இடத்துல கூரையில இருந்து நாக்கு மாதிரி ஒண்ணு தொங்கும், அது ஒருத்தனை மேல இழுத்துட்டு போறதை தூரத்துல காட்டிடுறான், அதுக்கப்புறம் நான் கூரையை பார்க்காம நடக்கவே இல்ல. இது தான்யா சொல்லிக் குடுக்குறது. 25 வருஷம் ஆனாலும் நிக்குது. (கடைசில ஸென்னு ஒரு வேற்று கிரகத்துக்கு போய் பாறைக்கு பாறை தாவ விடுவான், அது அன்னைக்கும் மொக்கை இன்னைக்கும் மொக்கை, அதையும் ஒத்துக்குறேன்.)

பழசுன்னாலே தெய்வம் இல்ல. நல்லா செஞ்சது நிக்கும், செய்யாதது விழும்.

---

ரிப்சிடி:

மாமா சொல்றதும் சரி தான் ஆனா எனக்கு நடந்தது வேற மாதிரி. நான் 20 வருஷத்துக்கு முன்னாடியே விளையாடின கேமை போன வருஷம் தான் முதல் தடவையா விளையாடினேன், சொன்னா குழப்பமா இருக்கும், பொறுமையா கேளுங்க.

2004, 2005 வாக்குல எங்க ஊர் பஸ் ஸ்டாண்டு கிட்ட ஒரு சிடி கடை, ஜிடிஏ வைஸ் சிட்டின்னு கேம் கேட்டா ஒரே சிடில போட்டு 50 ரூபாய்க்கு குடுத்தாங்க. ரிப் வெர்ஷன். ஒரே சிடில அடக்கறதுக்காக பாட்டு, பேச்சு எல்லாத்தையும் தூக்கிட்டு தருவாங்கன்னு இப்ப தெரியும், அப்ப யாருக்கு தெரியும்? நாங்க நினைச்சது கேமே அப்படித்தான்னு. ஹீரோ டாமி வாயை வாயை திறப்பான், எதிர்ல இருக்கிறவன் கையை ஆட்டுவான், சத்தமே வராது. நானும் என் ஃப்ரெண்டும் ஆளுக்கு ஒரு கேரக்டர் எடுத்துக்கிட்டு நாங்களே டயலாக் பேசுவோம். எங்க கதைப்படி டாமி வந்து சீட்டு கம்பெனில ஏமாந்தவன், காசை வாங்க ஊரு விட்டு ஊரு வந்திருக்கான். அந்த கதையோட தான் பத்தாவது வரைக்கும் ஓட்டினோம். மிஷன் எங்க பண்ணோம், பான்சர்னு டைப் பண்ணுவோம் டாங்க் வரும், போலீஸ் துரத்துற ஆறு ஸ்டார் ஏத்துவோம், லீவ்மீஅலோன்னு அடிச்சு இறக்குவோம், அம்மா சாப்பிட கூப்பிடுவாங்க.

போன வருஷம் முழு கேமை வாங்கி போட்டேன். முதல் வண்டி ஏறினதும் ரேடியோ பாடுது. வண்டியை ஓரமா நிறுத்திட்டு ஸ்டேஷன் ஸ்டேஷனா மாத்தி பார்த்துட்டே உக்காந்திருந்தேன் மச்சி, ஃப்ளாஷ் எஃப்எம், வி ராக், எமோஷன் 98.3, அதுல பேச்சுக்குன்னே ஒரு ஸ்டேஷன், மூணு பேர் உக்காந்து சண்டை போடுறான். 1986-ல நடக்குற கதைங்கிறதே அப்ப தான் மண்டையில ஏறுச்சு. டாமிக்கு குரல் குடுத்தது ரே லியோட்டா. இருபது வருஷமா ஊமைப்படமா இருந்த ஆளு வாயை திறந்தப்ப ஒரு மாதிரி ஆயிடுச்சு, ஏன்னா அந்த முகத்துக்கு என் மனசுல என் ஃப்ரெண்டோட குரல் தான் இருக்கு.

கூத்து என்னன்னா லைசன்ஸ் பிரச்சனைல இப்ப விக்கிற வெர்ஷன்ல சில பாட்டை எடுத்துட்டாங்களாம், மைக்கேல் ஜாக்சன் பாட்டெல்லாம் அதுல போச்சு. ஆக எனக்கு முழு கேம் இன்னும் கிடைச்ச பாடில்ல.

அப்புறம் எல்லாரும் சாபம் விடுற அந்த குட்டி ஹெலிகாப்டர் மிஷன். கட்டடத்துக்குள்ள நாலு பாம் வைக்கணும், டைம் ஓடும். இப்ப பொறுமையா பார்த்தா தான் தெரியுது, முதல் பாமை தூக்கினா தான் கடிகாரமே ஓட ஆரம்பிக்குது. அதுக்கு முன்னாடியே உள்ள போய் எல்லா மாடிலயும் இருக்கிற ஆளுங்களை இறக்கை சுத்துல சாய்ச்சுட்டு அப்புறம் வந்து பாமை எடுத்தா நாலையும் வச்சு முடிச்சும் டைம் மிச்சம் இருக்கு. அந்த வயசுல நாங்க மிஷன் ஆரம்பிச்சதும் பதறி அடிச்சு முதல் வேலையா பாமை தான் தூக்குவோம்.

மாமா, இதுல கேம் நல்லா செஞ்சுதா இல்லையா? எனக்கு தெரிஞ்சு நான் தான் அதை பார்க்கவே இல்ல.

---

வெள்ளைக்கவர்:

ரிப்சிடி அண்ணா எழுதினதை வாசிச்சு சிரிச்சுக்கொண்டே இருக்கிறன், ஏனெண்டா எனக்கும் உதே கதைதான், நாடு மட்டும் வேற.

2001-ல கொழும்பில சித்தப்பா வீட்டில ஒரு பிளேஸ்டேஷன் இருந்தது. மெட்டல் கியர் சாலிட் 1998-ல வந்த கேம், சித்தப்பாட மகன் அதை எங்கையோ கடையில வேண்டிக்கொண்டு வந்தவன், வெள்ளைக் கவருக்குள்ள ரெண்டு டிஸ்க், மேல பேனையால எழுதி இருக்கும், அவ்வளவுதான். ஒரு இடத்தில ஒரு கிழவரைக் காப்பாத்தேக்க அவர் உன்னோட ஒரு பிள்ளை கதைக்க வேணும், அவவின்ர ரேடியோ நம்பர் சிடி கவருக்குப் பின்னால இருக்கு எண்டு சொல்லுவார். அதே ஆள் எங்களிட்ட ஒரு டிஸ்க்கும் தந்திருப்பார், கேமுக்குள்ள. நாங்கள் என்ன நினைப்பம்? அந்த டிஸ்க்குக்குப் பின்னாலதான் நம்பர் இருக்குதெண்டு மெனுவுக்குள்ள போய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தனாங்கள். ரெண்டு பெடியள் ஒரு பள்ளி விடுமுறை முழுக்க. பிறகு அவன் விட்டிட்டு கிரிக்கெட் கேம் போட்டிட்டான்.

நான் கனடா வந்து கனகாலம் கழிச்சு, 2023-ல பழைய கேம் எல்லாத்தையும் சேர்த்து மாஸ்டர் கலெக்‌ஷன் எண்டு விட்டவை, அதுக்குப் பிறகுதான் விஷயம் விளங்கினது. அவர் சொன்னது கேமுக்குள்ள இருக்கிற டிஸ்க்கை இல்லை, கடையில வேண்டின உண்மையான பெட்டியை! பெட்டிக்குப் பின் பக்கம் அந்தப் பிள்ளை ரேடியோவில கதைக்கிற படம் ஒண்டு போட்டு 140.15 எண்டு இருக்குமாம். எங்கட வெள்ளைக் கவருக்குப் பின்னால என்ன இருக்கும், கடைக்காரர் எழுதின விலைதான் இருந்தது.

கடுப்புமாமா அண்ணை, இதை எந்தக் கணக்கில சேர்ப்பியள்? பெட்டியைக் கையில வச்சிருந்தவைக்கு இது அந்த நேரம் செய்த ஆகத் திறமான பகிடி. எங்களுக்கு அது பூட்டின கதவு. ஆனா உண்மையைச் சொல்லோணும், 140-ல இருந்து ஒவ்வொண்டாத் திருகிக்கொண்டு போயிருந்தால் பதினைஞ்சாவது திருகிலயே பிடிச்சிருப்பம், அந்த மூளை எங்களுக்கு வரேல்ல.

இப்ப விளையாடேக்க கேம் எப்பிடி எண்டு கேட்டால், காட்சிகள் சரியான நீளம், சண்டையை விட கதைக்கிறதுதான் கூட. கமராவும் மேல இருந்து பார்க்கிறபடியால் முன்னால நிக்கிறவன் தெரியாமப் போய் முட்டுப்பட வேண்டி இருக்கு. ஆனா பனியில எங்கட காலடித் தடத்தைப் பார்த்து காவல்காரன் பின்னால வாறதைக் கண்டாப் பிறகு நான் அரை மணித்தியாலம் சும்மா தடம் போட்டு அவனை சுத்த விட்டுக்கொண்டு இருந்தனான்.

---

அகழிக்கோட்டை:

இங்க எல்லாம் ஆம்பளைங்களா பேசிட்டு இருக்கீங்க, நானும் ஒண்ணு சொல்லிக்கறனுங்க.

எங்க வீட்டுல ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 இருந்துச்சு, 1999-ல வந்தது. இருந்துச்சுன்னா அண்ணனுக்கு இருந்துச்சு. நான் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்துக்கலாம், மவுஸை தொடக்கூடாது. எனக்குன்னு ஒரு வேலை குடுத்திருந்தான், வயல் தீர்ந்து போச்சான்னு பார்த்து சொல்றது. அந்த முதல் வெர்ஷன்ல வயல் கொஞ்ச நேரத்துல விளைச்சல் தீர்ந்து கட்டாந்தரையா கிடக்கும், திரும்ப மரம் செலவு பண்ணி புதுசா போடோணும், இல்லன்னா ஆளுங்க சும்மா நிப்பாங்க. அண்ணன் சண்டைல இருப்பான், நான் “வயலு போச்சு வயலு போச்சு”ன்னு கத்திட்டே இருப்பேன். மூணு வருஷம் இந்த உத்தியோகம் பார்த்தேன்.

போன தீபாவளி லீவுல 2019-ல வந்த புது பதிப்பை நானே வாங்கி நானே போட்டேன். மவுஸு என் கையில. 35 வயசுல முதல் தடவை. வயல் போட்டு அது எப்ப தீருமுன்னு பார்த்துட்டே இருக்கேன், தீரவே மாட்டேங்குது, அதுவா திரும்ப நட்டுக்குது! என் வேலையவே தூக்கிட்டாங்க. சிரிக்கறதா கோவப்படறதான்னு தெரியலைங்க.

அதுல 2022-ல டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியான்னு ஒண்ணு சேர்த்தாங்க, முன்னாடி இந்தியர்னு ஒரே கூட்டமா இருந்ததை பிரிச்சு திராவிடர், வங்காளிகள், கூர்ஜரர் எல்லாம் கொண்டு வந்தாங்க, பழைய கூட்டத்துக்கு ஹிந்துஸ்தானின்னு பேரு மாத்திட்டாங்க. திராவிடர் எடுத்தா ஆளுங்க தமிழ்ல பேசறாங்க. எனக்கு இது முன்னாடியே தெரியாது, ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் ஹெட்போன் போட்டுட்டு ஒரு ஆளை கிளிக் பண்றேன், தமிழ்ல சத்தம் வந்ததும் யாரோ எந்திரிச்சு வந்துட்டாங்கன்னு திரும்பி பார்த்துட்டேன். வேற எந்த கேம்லயும் எனக்கு அப்படி தூக்கி போட்டதில்ல. ராஜேந்திர சோழனுக்கு தனியா கதையே இருக்கு, கப்பல் நெறைய, திரிசடைன்னு ஒரு பெரிய கப்பல், உருமின்னு வளையற வாளை சுழட்டற ஆளுங்க, ஒவ்வொரு காலம் மாறறப்பவும் 200 மரம் சும்மா குடுக்கறாங்க. ஆனா நைட்டுன்னு சொல்ற கனமான குதிரைப்படை கிடையாது, யானை தான். அது தெரியாம குதிரை எங்க குதிரை எங்கன்னு தேடிட்டு இருக்கறப்ப கம்ப்யூட்டர் வந்து என் கோட்டைய இடிச்சுட்டு போயிடுச்சு.

டைஸ்ராஜா சொன்ன பேப்பர் கதை இதுலயும் உண்டுங்க. பழைய பெட்டில எந்த நாட்டுக்கு எந்த படை உண்டு எது இல்லன்னு பெருசா ஒரு மடிப்பு தாள் வரும், அண்ணன் அதை பீரோ கதவுல ஒட்டி வச்சிருந்தான். கேமை தொட விடாதவன் அதை படிக்கறதை மட்டும் தடுக்க முடியல, அதனால பைசாண்டியத்துக்கு எது மலிவுன்னு எனக்கு இன்னும் மனப்பாடம். திராவிடருக்கு அந்த தாள் என்கிட்ட இல்லையே, அதான் தோத்தேன்.

---

பக்வேட்டை:

எல்லாரும் மனுசங்க கதை சொல்றீங்க, நான் மெஷின் கதை ஒண்ணு சொல்றேன், பழைய கேம் விளையாடுறவன் தெரிஞ்சு வச்சுக்க வேண்டியது.

வைஸ் சிட்டிக்கு அடுத்த ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் 2004-ல வந்தது, பிசிக்கு 2005. அதுல ஸ்கிம்மர்னு தண்ணில இறங்குற ஒரு குட்டி விமானம் உண்டு. 20 வருஷம் ஒழுங்கா பறந்துச்சு. விண்டோஸ் 11-க்கு 24எச்2ன்னு ஒரு அப்டேட் வந்துச்சு, அதை போட்ட கம்ப்யூட்டர்ல எல்லாம் அந்த விமானத்தை காணோம். மோட் (ரசிகர்கள் எழுதுற மாற்றம்) போட்டு வம்பா வரவழைச்சு ஏறினா நம்ம ஹீரோ சிஜேவை நேரா அண்டவெளிக்கு தூக்கி அடிக்குது, கிலோமீட்டர்ல சொல்றதுக்கு நம்ம ஊர்ல எண்ணே கிடையாது அவ்ளோ தூரம். எல்லாரும் விண்டோஸை திட்டினாங்க. பழைய ஜிடிஏ கேம் கோளாறை சரி பண்ற சைலண்ட்பேட்ச்னு ஒண்ணை எழுதுற ஆளு 2025-ல தோண்டி பார்த்தா தப்பு கேம்ல, அதுவும் முதல் நாள்ல இருந்தே.

வைஸ் சிட்டில இதே ஸ்கிம்மரை படகுன்னு கணக்கெழுதி வச்சிருந்தாங்க, படகுக்கு ஏது சக்கரம், அதனால சக்கர சைஸ் எழுதல. சான் ஆண்ட்ரியாஸ்ல அதை விமானம்னு மாத்தினவங்க சக்கர சைஸை சேர்க்க மறந்துட்டாங்க. கேம் அந்த வரியை படிக்கும்போது சைஸ் இருக்க வேண்டிய இடத்துல ஒண்ணும் இல்ல. ஆனா அதுக்கு முந்தி படிச்ச டாப்ஃபன்னு ஒரு வேனோட சைஸ் 0.7 மெமரில அழியாம கிடந்துச்சு, அதையே எடுத்து போட்டுக்கிச்சு. முந்தின பீரியட் வாத்தியார் போர்டுல எழுதினதை அழிக்காம போனதால அதை பார்த்தே ஒருத்தன் 20 வருஷம் பாஸ் ஆகிட்டு இருந்திருக்கான். புது விண்டோஸ் அந்த போர்டு மேல வேற எதையோ எழுதிடுச்சு, பையன் மாட்டிக்கிட்டான்.

அதனால பழையசோறு ப்ரோ, உங்க பிள்ளைங்க தூங்குற நேரத்துல கேம் கோளாறா நடந்துக்கிட்டா உங்க வயசையோ பொறுமையையோ சந்தேகப்படுறதுக்கு முன்னாடி பேட்ச் இருக்கான்னு பாருங்க. மாரோவிண்டுக்கு ஓபன்எம்டபிள்யூன்னு புதுசா எழுதின எஞ்சினே இருக்கு, சும்மா தான் தர்றாங்க, உங்க கேம் ஃபைலை அதுக்கு காட்டினா போதும், இப்பத்த ஸ்க்ரீனுக்கு தகுந்த மாதிரி ஓடும். 

---

கடுப்புமாமா:

140.15 கதைக்கு என்கிட்ட பதில் இல்ல, அது ஒண்ணு உங்களுக்கு. ஆனா மாரோவிண்டுக்கு மேப் குடுத்தான் மேப் குடுத்தான்னு சொல்றீங்களே, மேப் கையில இருந்தாலும் அவன் அதே நடை தானே நடக்க போறான்? நண்டுக்கு 65 வந்தாலும் மூணுல ஒண்ணு காத்துல தானே போகுது? அதை சொல்லுங்க.

---

பழையசோறு:

ஒரு வாரம் கழிச்சு வர்றேன், சின்னவனுக்கு காய்ச்சல், அதான். எல்லாருக்கும் நன்றி, ஒருத்தருக்கும் தனித்தனியா பதில் போட முடியல.

டைஸ்ராஜா சொன்னது நூத்துக்கு நூறு. நான் எடுத்தது கோடாலி ஸ்கில், கையில கத்தி, மூச்சிரைக்க ஓடிப்போய் குத்தினது. புது கேரக்டர் போட்டு ஷார்ட் பிளேடு எடுத்து, நின்னு நிதானமா அடிச்சேன், நண்டு நாலாவது குத்துல போச்சு. சொன்னா வெக்கம், கையை தூக்கி கத்திட்டேன்.

அப்புறம் ஆபீஸ் கீழ இருக்கிற ஜெராக்ஸ் கடைல அந்த தீவு மேப்பை ஏ3-ல கலர் பிரிண்ட் எடுத்து மேஜைக்கு மேல ஒட்டிட்டேன். கடைக்காரர் இது எந்த டிஸ்ட்ரிக்ட் சார்னு கேட்டார். காய்ச்சல்ல ஸ்கூல் போகாத சின்னவன் அதைப் பார்த்து இது என்ன இது என்னன்னு ஒவ்வொரு ஊரா விரல் வச்சு கேக்குறான், நான் வாய்க்கு வந்ததை சொல்லிட்டு இருக்கேன்.

பால்மோரா போயாச்சு, கையஸ் வீட்டுல சட்டை கூட போடாம ஒரு பெருசு நிக்குது, இவரா ராஜாவோட உளவாளின்னு ஆகிடுச்சு. 200 காசு குடுத்து முதல்ல ஒரு நல்ல ஆயுதம் வாங்கு, ஏதாவது வேலைல சேருன்னு புத்திமதி சொல்லி அனுப்பினார். கேம்ல இப்படி ஒருத்தர் சொல்லி நான் கேட்டதே இல்ல, நேரா கடைக்கு போய் வாங்கினேன். இப்ப ஆர்க்ங்தாண்ட்னு ஒரு பாழடைஞ்ச இடத்துல ஒரு சின்ன பெட்டி எடுத்துட்டு வரணும். கோட்டை தாண்டி, பழைய பாலம் தாண்டின்னு வழி சொன்னாங்க, மேப்ல விரல் வச்சுக்கிட்டே போனேன், பாலம் வந்துச்சு, கதவும் வந்துச்சு, ஆனா கதவு திறக்கல. அரை மணி நேரம் அங்கயே சுத்தினேன். அப்புறம் தான் ஜர்னலை திரும்ப படிச்சா, குழாய்ல இருக்கிற கைப்பிடியை திருப்புன்னு முதல்லயே சொல்லி இருக்காங்க. நான் தான் படிக்காம டக்கு டக்குன்னு அமுக்கிட்டு வந்திருக்கேன். கடுப்புமாமா அண்ணே, நடை மெதுவு தான், ஜர்னல் மோசம் தான், ரெண்டையும் ஒத்துக்குறேன். ஆனா ஸ்கைரிம்ல நான் ஒருத்தர் சொன்னதையும் காது குடுத்து கேட்டதில்ல, அம்புக்குறி பின்னாடியே போனேன், அதுல ஒரு ஊர் பேர் சொல்லுங்கன்னா ரெண்டுக்கு மேல எனக்கு வராது. இந்த தீவுல இப்பவே எட்டு ஊர் வழி கேக்காம போவேன்.

ஹாஃப் லைஃபும் சேல்ல போட்டா எடுக்குறேன். திரிசடையும் தான்.

ஒரே ஒரு சந்தேகம். சேய்டா நீன்ல இருந்து வெளிய போற வழியில வானத்துல இருந்து ஒருத்தன் கத்திக்கிட்டே வந்து பொத்துன்னு விழுந்து செத்துட்டான். பயந்தே போயிட்டேன். அவன் பையில மூணு ஓலை இருந்துச்சு, ஒண்ணை படிச்சுட்டு தாவினேன், மேகத்துக்கு மேல போயிட்டேன், முழு தீவும் தெரியுது, பிரிண்ட் எடுத்த மேப்பு அப்படியே கீழ கிடக்கிற மாதிரி இருந்துச்சு. அப்புறம் கீழ வந்தேன். அவனை மாதிரியே தான் வந்தேன். இதை எதுக்கு தான் வச்சிருக்காங்க?

---

டைஸ்ராஜா:

அந்த ஓலை தாவுற திறமையை 1000 ஏத்தும், ஆனா 7 செகண்டுக்கு தான். ஏறும்போது இருக்கும், இறங்கும்போது தீர்ந்திருக்கும். அதனால இறங்கி தரையை தொடுறதுக்கு சரியா முன்னாடி இன்னொரு ஓலையை படிக்கணும், அடியே படாது. அதான் மூணு இருக்கு. செத்தப்புறம் பழைய சேவ்ல இருந்து தானே எடுத்தீங்க, மூணும் இருக்குமே?

---

பழையசோறு:

ஒண்ணு போனப்புறம் தான் சேவ் பண்ணேன். மிச்சம் ரெண்டு இருக்கு. சின்னவன் கவுண்ட் டவுன் சொல்றேன்னு உக்காந்திருக்கான்.